வாத்துகள் வராத மார்கழி

தூரத்தைப் பார்க்கிற பித்தளைக் குழாய் சில்லென்று இமையில் பட்டது. “அந்தக் கண்ணை மூடிக்கோ. இந்தக் கண்ணாலே பாரு. அவசரப்பட வாண்டாம்” என்றார் அவர்.

அவசரப்படாமல்தான் பார்த்தேன். வட்டமாகக் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது. தண்ணீரின் மேல் புகை மாதிரி மார்கழிப் பனி.

“என்ன தெரியறது?”

“தண்ணி.”

“தண்ணிக்கு மேலே?”

“ஒண்ணும் இல்லையே.”

அவர் குழாயை வாங்கி வேஷ்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். நீட்டினார், சுருக்கினார். தன் கண்ணில் வைத்து வெள்ளாயணிக் காயலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனார். பிறகு அதே வேகத்தில் திரும்பி வந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதையாவது கண்டுவிட்டால் அவருடைய கீழுதடு லேசாகப் பிரியும். அன்று பிரியவே இல்லை.

வள்ளத்தில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர், கழி ஊன்றித் தள்ளுகிற செல்லப்பன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முன்பாக இருக்கும்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். “மாமியாரைப் பற்றி ஏழு வாரம் எழுதிவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஏழு வரிகூட எழுதவில்லையே?” என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த வள்ளத்துக்குத்தான் முதலில் வரவேண்டியிருக்கிறது. அதனால்தான் இத்தனை வாரம் தள்ளிப் போட்டேன்.

சர்வே ஆபீஸ் குழாய்

அவருக்கு சர்வே ஆபீசில் படம் வரைகிற வேலை. ஆறு, குளம், எல்லைக்கல் எல்லாவற்றையும் மயிரிழை போன்ற கோடுகளில் வரைவார். வீட்டில் பேச்சு குறைவு. நாளைக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டால், “தெரியாது.” ஊரிலிருந்து கடிதம் வந்ததா என்றால், “இல்லை.” கொல்லைப்புற முருங்கையில் வந்து உட்கார்ந்தது என்ன குருவி என்று கேட்டால் மட்டும் கால் மணி நேரம் பேசுவார்.

மலையாளச் சீமையில் கோட்டைக்குள் இருந்த எங்கள் தெருவில் அவருக்குப் ‘பட்சி’ என்றே பெயர். பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். அவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆற்றங்கரை, வயல் வரப்பு, சாக்கடை ஓரம், எதுவும் விலக்கில்லை. பார்த்த பறவையின் பெயர், எண்ணிக்கை, நிறம், கால் எப்படி, அலகு எப்படி என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக ஒரு படமும் போடுவார்.

நான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து குடித்தனம் தொடங்கிய முதல் மார்கழியில் அவர் தனியாக வெள்ளாயணிக்குப் போய் வந்தார். முகமெல்லாம் வெயில் பட்டுக் கறுத்திருந்தது. சாப்பிட உட்கார்ந்தவர் பேச ஆரம்பித்தார். ஊசிவால் வாத்து என்று ஒரு ஜாதியாம். இமயமலைக்கு அப்பால், பனி உறைகிற தேசத்திலிருந்து வருமாம். கழுத்து நீளம், வால் ஊசி மாதிரி. காயலின் ஒரு மூலையில் யாரும் துப்பாக்கி எடுக்கக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்களாம், அது பறவைகளுக்கும் தெரியுமோ என்னவோ, அந்த மூலையில்தான் வந்து இறங்குமாம். “மொத்தமா எழும்பித்து பாரு, வெயிலே மறைஞ்சு போச்சு” என்று கையைத் தூக்கிக் காட்டினார். கையில் பிசைந்த சாதம் காய்ந்து போயிருந்தது. என் மாமியார் மோர்ப் பாத்திரத்துடன் நின்றுகொண்டே இருந்தாள்.

“அடுத்த வருஷம் உனக்கும் காமிக்கறேன்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அம்மாவின் எதிரில் அவர் என்னோடு நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த மார்கழிக்கு ஆபீஸ் பெரியவர் ஒருவரிடம் கெஞ்சி, மலை உச்சிகளைப் பார்ப்பதற்காக வைத்திருந்த பித்தளைக் குழாயை ஒரு நாளைக்கு வாங்கிவந்தார். ஆனால் அந்த இரண்டு மார்கழிகளுக்கும் நடுவில் ஓர் ஆடி மாதம் வந்து போயிருந்தது.

ஆடி

ஆவணியில் என்னைப் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்திருந்தார்கள். ஆடியிலேயே, ஏழாம் மாதத்தில், ஒரு விடியற்காலை வலி எடுத்துவிட்டது. வெளியே கொட்டுகிற மழை. மருத்துவச்சியைக் கூட்டி வந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு நினைவிருப்பதெல்லாம் துண்டுதுண்டாகத்தான். கூரையில் மழைச் சத்தம், யாரோ வெந்நீர் கேட்ட சத்தம், என் காலடியில் ஈரம்.

மூன்று நாள் ஜுரத்தில் கிடந்தேன். நாலாம் நாள் புத்தி தெளிந்து கையால் பக்கத்தில் தடவினேன். பாய்தான் தட்டுப்பட்டது.

மாமியார் வந்து உட்கார்ந்தாள். “பொண் குழந்தை. மத்தியானம் வரைக்கும் இருந்தது. அவ்வளவுதான் அதுக்கு. நீ ஒண்ணும் கேக்க வாண்டாம், நான் ஒண்ணும் சொல்ல வாண்டாம். பார்க்காததே நல்லதுன்னு வச்சுக்கோ. சீக்கிரம் மறக்கும்” என்றாள். குரலில் கடுமை இல்லை. நெற்றியில் பத்து போட்டுவிட்டு எழுந்து போனாள்.

பாலுக்கு மட்டும் அது தெரியவில்லை, சுரந்தது. வற்றுவதற்காக மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். புழுக்கத்தில் பூ வாடி ஒரு வாசனை வரும். அன்றிலிருந்து நான் மல்லிகை வைத்துக்கொள்வதில்லை. கல்யாண வீடுகளில் ‘ஏன் மாமி, பூ வேண்டாமா?’ என்று கேட்பவர்களிடம் தலைவலி என்று சொல்லிவிடுவேன்.

குழந்தை போன மறுநாளே அவர் குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிக் கேள்விப்பட்டேன். அது மனசில் முள்ளாக ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு நாள்கூட வீட்டில் இருக்கத் தோன்றாத மனுஷனிடம் என்ன பேச?

பேசவில்லை. “வெந்நீர் ஆச்சா?” “ஆச்சு.” “குடை எங்கே?” “கதவுக்குப் பின்னாலே.” ஐந்து மாதம் இப்படித்தான் ஓடியது. வேலை செய்தேன், சாப்பிட்டேன். சிரித்ததாக நினைவில்லை.

“கோவிலுக்குன்னு சொல்லிக்கோ”

கார்த்திகை முடிகிற சமயம். அவர் இலையின் முன்னால் உட்கார்ந்து, தலை நிமிராமல் சொன்னார்.

“அம்மா, வெள்ளாயணியிலே வாத்து வந்திருக்கும்.”

“வரட்டும்.”

“இவளை ஒரு நாள் கூட்டிண்டு போய்க் காமிக்கலாம்னு இருக்கேன்.”

மாமியார் ரசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாக எங்கேயும் போவது கிடையாது. போனாலும் துணைக்கு ஓர் அத்தையோ நாத்தனாரோ இருப்பார்கள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மறுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். மறுத்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

“ரெண்டு பேருமாவா?” என்றாள்.

“ஆமாம்.”

ரசம் ஊற்றினாள். “அங்கே ஒரு அம்மன் கோவில் உண்டோல்லியோ?”

“உண்டு.”

“பின்னே என்ன. கேக்கறவாகிட்டே கோவிலுக்குன்னு சொல்லிக்கோ. கோமதி, கறுப்புக் கரைப் புடவையை உடுத்திக்கோ. சேறு பட்டாத் தெரியாது.”

அவ்வளவுதான். கிளம்பும் நாளன்று எனக்கு முன்பே எழுந்து புளியஞ்சாதமும் தயிர் சாதமும் கட்டி வைத்திருந்தாள். வள்ளக்காரருக்கு என்று தனியாக ஒரு பொட்டலம்கூட இருந்தது.

இருட்டு பிரிகிற நேரத்தில் ஒற்றை மாட்டு வண்டியில் ஏறினோம். கரமனை தாண்டியதும் ஊர் முடிந்துவிடும். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுநடுவே வயல். அவர் வண்டிக்காரர் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்து, துணியில் சுற்றிய குழாயைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார். ‘குழந்தை மாதிரி’ என்று அன்றே எனக்குத் தோன்றியது. உடனே வேறு பக்கம் பார்த்தேன்.

செல்லப்பனின் சங்கடம்

செல்லப்பனுக்கு நாற்பது வயது இருக்கும். காயலிலேயே பிறந்து வளர்ந்தவர். அந்தப் பக்கத்துத் தமிழில் பாதி மலையாளம். எங்களைப் பார்த்ததுமே அவருடைய முகம் சரியாக இல்லை.

“சாமி வந்தது சந்தோஷம். பின்னே, இக்கொல்லம் எரண்டை வந்தில்லையே” என்றார். எரண்டை என்பது அங்கே வாத்துக்குப் பெயர், இக்கொல்லம் என்றால் இந்த வருஷம்.

“எங்கேயாவது ஒரு மூலையிலே இருக்கும்” என்றார் என் கணவர்.

“இருக்கும், இருக்கும். நோக்கலாம்.”

பலகை வைத்த மூலைக்குப் போனோம். பலகை இருந்தது. அதன் மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தாமரை இலைகளின் மேல் ஓர் இலைக்கோழி நீள விரல்களை வைத்து நடந்தது. முக்குளிப்பான் இரண்டு. மடையான் சில. இவை எல்லாம் எங்கள் ஊர்க் குளத்திலும் இருப்பவை. பனிதேசத்திலிருந்து ஒருவரும் வந்திருக்கவில்லை.

அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைய பக்கத்தில், ‘வெள்ளாயணி. ஊசிவால், இல்லை. சிறகி, இல்லை. நீர்க்காகம் ஆறு’ என்று எழுதியிருக்கிறார். படம் ஒன்றும் போடவில்லை.

செல்லப்பனுக்குத்தான் பாவம், தாங்கவில்லை. பறவை வராதது தன் குற்றம் என்பது போல நாணல் மறைவிலெல்லாம் வள்ளத்தை நுழைத்தார். “அம்மா, அதா ஒரு பட்சி” என்று எனக்கு ஒரு மீன்கொத்தியைக் காட்டினார். எங்கள் கொல்லைக் கிணற்றடிக்குத் தினமும் வருகிற மீன்கொத்தி. “அழகா இருக்கே” என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

வெயில் ஏறிப் பனி கலைந்தது. குழாய் பிடித்த என் கணவரின் கை சோர்ந்து மடியில் விழுந்தது. கண்ணைச் சுற்றிப் பித்தளை அழுத்திய வட்டம் சிவப்பாக இருந்தது.

கறுப்புத் திட்டு

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், எதிர்க் கரையோரம் தண்ணீரில் கறுப்பாக ஒரு திட்டு அசைந்தது. அவர் சட்டென்று எழுந்து நின்றார். வள்ளம் ஆடியது.

“செல்லப்பா, அங்கே. மெதுவா. சத்தம் வரப்படாது.”

கீழுதடு பிரிந்துவிட்டது. குழாயைக் கண்ணில் வைத்தார். வள்ளத்தின் ஆட்டத்தில் ஒன்றும் நிற்கவில்லை. “முந்நூறு இருக்கும். நானூறுகூட இருக்கும்” என்று முணுமுணுத்தார். “கோமதி, நான் சொன்னேனோல்லியோ?”

நானும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். செல்லப்பன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் கழியை ஊன்றினார். பாதித் தூரம் போனதும் சத்தம் கேட்டது. பனிதேசத்துப் பறவையின் சத்தம் அல்ல அது. சந்தையில் கேட்கிற சத்தம். கரை மேல் ஓர் ஆள் நீளக் கழியை வைத்துக்கொண்டு, “ஹோ, ஹோ” என்று விரட்டினார். கறுப்புத் திட்டு ஒழுங்காக வரிசை கட்டிக் கரையேறி, ஆடி ஆடி வயலுக்குள் நடந்தது. முட்டைக்காக வளர்க்கிற நாட்டு வாத்துகள்.

என் கணவர் மெல்லக் குழாயை இறக்கினார். செல்லப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

“உமக்கு முன்னாலேயே தெரியுமா?”

“தெரியும், சாமி.”

“பின்னே ஏன் சொல்லலை?”

“சாமிக்கு அத்தனை சந்தோஷம். கொஞ்ச நேரம் இருக்கட்டேன்னு நெனச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். செல்லப்பனும் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடிக்குப் பிறகு நான் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பார்த்தவர் சொன்னது

கரையில் ஒரு புன்னை மரத்தடியில் இறங்கினோம். செல்லப்பன் தன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, வாத்து மேய்க்கிற ஆளிடம் எரண்டை எங்கே போயிற்று என்று விசாரித்து வருவதாகச் சொல்லிப் போனார். நாங்கள் இருவர் மட்டும். இலையைப் பிரித்தேன். அவர் சாதத்தைத் தொடவில்லை.

“உன்னை இத்தனை தூரம் கூட்டிண்டு வந்து ஒண்ணும் காமிக்க முடியலை” என்றார்.

“சாரமில்லை, போனாப் போறது.”

“ஒரு தடவை அது எழும்பறதைப் பார்த்தா, உனக்கு மனசு கொஞ்சம் வேற மாதிரி ஆகும்னு நெனச்சேன். எனக்கு வேற ஒண்ணும் தெரியலை.”

அவர் குழாயைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். அப்போதுதான் கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்டதில்லை. வாயிலிருந்து தானாக வந்தது.

“நீங்க குழந்தையைப் பார்த்தேளா?”

குழாயை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

“பார்த்தேன்.”

“எப்போ?”

“பொறந்ததுலேர்ந்து. என் மடியிலேதான் இருந்தா.”

எனக்கு விளங்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். எனக்கு ரத்தம் நிற்கவில்லையாம். பெண்கள் எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்களாம். மாமியார் குழந்தையை ஒரு பழைய வேஷ்டித் துண்டில் சுற்றி இவர் கையில் கொடுத்து, “உள்ளே போய் உக்காரு, காத்து படாமே பார்த்துக்கோ” என்றாளாம். நெல் வைக்கிற அறையில், மூட்டைகளுக்கு நடுவில், பொழுது விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை இவர் மடியில் அவள் இருந்திருக்கிறாள்.

“ஏன் எங்கிட்டே சொல்லலை?”

“அம்மா சொல்லாதேன்னா. உனக்கு ஜன்னி வந்துடும்னு பயந்தா. அப்பறம் நீயே கேப்பேன்னு இருந்தேன். நீ கேக்கலை. கேக்காதவகிட்டே எப்படிச் சொல்லறதுன்னு எனக்குத் தெரியலை.”

“நீங்களே சொல்லுவேள்னு நான் இருந்தேன்.”

பிரித்த இலையை நான் மறுபடி மூடி வைத்தேன்.

“எப்படி இருந்தா?” என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதைப் பார்த்தாலும் அவர் ஒரு வரிசையில்தான் சொல்வார், தலையிலிருந்து கால் வரை. அவளையும் அப்படித்தான் சொன்னார்.

“தலை நெறைய முடி. கறுப்பு. ஈரமா நெத்தியிலே ஒட்டிண்டு இருந்தது. நெத்தி உன்னோடது. புருவம் இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. இடது காது மடிஞ்சு இருந்தது. நான் நீவி விட்டேன். மறுபடி மடிஞ்சுண்டது. மூணு தடவை நீவினேன்.”

“நிறம்?”

“மொதல்லே ரொம்பச் சிவப்பு. அப்பறம் வெளிறித்து. வெரல் நீளம், அதுவும் உன்னோடதுதான். நகம் பத்தும் இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். கால் மட்டும் என்னோடது, கட்டை வெரலும் அடுத்த வெரலும் வெலகி இருந்தது.”

“அழுதாளா?”

“ஒரு தடவை. மூச்சு விடற மாதிரிதான் இருந்தது. மழைச் சத்தத்துலே வேற யாருக்கும் கேட்டிருக்காது. கண்ணைத் தொறந்து பார்த்தா. கூரை ஓட்டு இடுக்காலே கொஞ்சம் வெளிச்சம் வந்தது, அதைத்தான் பார்த்தா. என் வெரலைப் பிடிச்சுண்டா.” சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினார். “இதை. கடைசி வரைக்கும் விடலை.”

நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்கு ஒண்ணும் செய்யத் தெரியலை, கோமதி. அதனாலே பார்த்துண்டே இருந்தேன். ஒண்ணும் விட்டுப் போகப்படாதுன்னு பார்த்தேன்.”

“மறுநாள் ஆபீசுக்குப் போனேளே” என்றேன். அந்த முள்ளையும் எடுத்துவிட வேண்டியிருந்தது.

“போனேன். வீட்டுலே எல்லாரும் என் மொகத்தையே பார்த்துண்டு இருந்தா. ஆபீசிலே யாருக்கும் தெரியாது. அன்னிக்கு முழுக்க ஒரு கோடு போடலை. தாளை விரிச்சு வச்சுண்டு உக்காந்திருந்தேன்.”

நான் அழுதேன். அவர் அழாதே என்று சொல்லவில்லை. அவரும் அழுதார். ஐந்து மாதம் தனித்தனியாக வைத்திருந்ததை அன்று ஒரே இடத்தில் கொட்டினோம்.

செல்லப்பன் திரும்பி வந்தவர் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார் போலிருக்கிறது. முதுகைக் காட்டி வள்ளத்தில் உட்கார்ந்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையால் உள்ளே தேங்கிய தண்ணீரை வெகுநேரம் இறைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் முகம் கழுவி எழுந்த பிறகுதான் திரும்பினார்.

“சாமி, காரியம் அறிஞ்சேன். பாண்டியிலே இக்கொல்லம் நல்ல மழையாக்கும். அங்கே குளமெல்லாம் நெறஞ்சு கெடக்கு. எரண்டை எல்லாம் அங்கேயே தங்கிப்போச்சு.”

பாண்டி என்றால் அங்கே என் பிறந்த ஊர்ப் பக்கம்.

“அப்போ எங்க ஊர்க் குளத்துலேதான் இருக்கும்” என்றேன்.

என் கணவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “உங்க ஊர்க் குளத்துக்கு வாத்து வருமா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே.”

“வரும். கூட்டமா ஏதோ மிதக்கும். நாங்க துணி தோய்க்கத்தான் போவோம். யார் அதை நின்னு பார்த்தா?”

அவர் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். பிறகு சாப்பிட உட்கார்ந்து, புளியஞ்சாதம் முழுவதையும் காலி செய்தார்.

திரும்பும்போது கரமனைப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கினோம். ஆற்றின் வளைவில் ஒரு பூவரச மரத்தைக் காட்டினார். “அங்கே” என்றார். குழந்தையைப் புதைக்கிற இடத்துக்கெல்லாம் பெண்கள் போவதில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரம் நிறைய மஞ்சள் பூ. வண்டிக்காரர் மாட்டைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

சாயங்காலம்

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமியார் சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கால் கழுவிவிட்டு உள்ளே போனேன்.

“வாத்து பார்த்தியோ?”

“இல்லேம்மா. இந்த வருஷம் வரலையாம்.”

“அடப் பாவமே. அவனுக்கு மொகம் வாடியிருக்குமே.”

“குழந்தையைப் பத்திச் சொன்னார்” என்றேன். “நான்தான் கேட்டேன்.”

அவள் பேச்சை மீறிவிட்டோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் நறுக்கிய காயைக் கையால் ஒதுக்கினாள். மறுபடி ஒதுக்கினாள்.

“எல்லாம் சொன்னானா?”

“சொன்னார். காது மடிஞ்சிருந்தது வரைக்கும்.”

“ஆமாம், மடிஞ்சிருந்தது” என்றாள் மெல்ல. இன்னொரு காயை எடுத்தபடியே, “இவனுக்கு முன்னாலே எனக்கு ஒருத்தன் பொறந்தான்” என்றாள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அந்த வீட்டில் இருக்கிறேன். யாரும் சொன்னதில்லை.

“எனக்குப் பதினஞ்சு வயசு. அஞ்சு நாள் இருந்தானாம். நான் நெனவில்லாமே கெடந்தேன். பார்க்காததே நல்லது, சீக்கிரம் மறக்கும்னு எங்கிட்டேயும் பெரியவா சொன்னா. நான் அதை அப்படியே உனக்குச் சொன்னேன்.” அவள் என்னைப் பார்க்கவில்லை. “இவன் அப்பா பார்த்தார். சாகற வரைக்கும் சொல்லலை. நானும் கேக்கலை. கறுப்போ சிவப்போ, அதுகூடத் தெரியாது எனக்கு.”

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூடையில் மிச்சமிருந்த அவரைக்காயை எடுத்து நார் உரித்து ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கி வாங்கி நறுக்கினாள். அன்று அந்தக் கறிக்கு உப்புப் போட இரண்டு பேருமே மறந்துபோனோம். அவர் இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.